கையில் கடுக்காயுடன் ஒரு புத்தர்: மருத்துவ புத்தர் சிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் முக்கால் அடி உயரத்தில் ஒரு செம்புச் சிலை இருக்கிறது. நேபாளத்தில் பாட்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் வாங்கியது. வருகிறவர்கள் முதலில் "புத்தரா?" என்பார்கள், அப்புறம் "கையில என்ன, மாங்காயா?" என்பார்கள், மூன்றாவதாக "இத வச்சா உடம்பு சரியாயிடுமாமே?" என்று வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

இவர் கௌதம புத்தர்தானே?

இல்லை. இவர் பெயர் பைஷஜ்யகுரு. பைஷஜ்யம் என்றால் மருந்து, ஆக மருந்தின் குரு. திபெத்தியர்கள் சங்கியே மென்லா என்கிறார்கள், சங்கியே என்றால் புத்தர், மென் என்றால் மருந்து. மகாயான பௌத்தத்தில் புத்தர்கள் பலர். அவர்களில் கிழக்குத் திசை உலகம் ஒன்றுக்கு உரியவர் இவர். கௌதம புத்தர் வைசாலியில் இருந்தபோது இவரைப் பற்றி எடுத்துச் சொன்னதாக ஒரு சூத்திரம், அதாவது போதனை நூல், இருக்கிறது. அதன் சமஸ்கிருத மூலம் 1931இல் காஷ்மீருக்கு வடக்கே கில்கிட் பகுதியில் கிடைத்த மரப்பட்டைச் சுவடிகளுக்குள் இருந்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, கி.பி. 650இல், யுவான் சுவாங் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்துவிட்டார். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் காஞ்சிக்கு வந்தார் என்று படித்தோமே, அதே யுவான் சுவாங்தான். ஜப்பானில் இவருக்கு யாகுஷி என்று பெயர். இன்று நாராவில் இருக்கும் இவருக்கான யாகுஷிஜி கோயிலைக் கட்ட மன்னர் நேர்ந்துகொண்ட வருஷம் 680.

அந்தச் சூத்திரத்தில் இவர் பன்னிரண்டு உறுதிமொழிகள் எடுக்கிறார். எனக்குப் பிடித்தது ஏழாவது. நோய் வந்து, மருத்துவரும் இல்லாமல் மருந்தும் இல்லாமல், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் கிடக்கும் ஏழையின் காதில் என் பெயர் விழுந்தால் அவன் துன்பம் தீரட்டும் என்பது அதன் சாரம். இன்ன தெய்வத்துக்கு இன்ன சக்தி என்று பட்டியல் போடுகிற பேச்சாக எனக்கு அது படவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் யாரையோ பார்த்து எழுதினாற்போல இருக்கிறது.

மற்ற புத்தர் சிலைகளிலிருந்து எப்படி அடையாளம் காண்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையைப் பாருங்கள்.

வலது கை முழங்காலுக்கு மேல் வந்து, உள்ளங்கை வெளியே தெரிய, ஒரு சிறு கிளையைப் பிடித்திருக்க வேண்டும். கிளையில் இலையும் காயும் இருக்கும். இடது கை மடியில், அதில் ஒரு பாத்திரம். இவை இரண்டும் இருந்தால் மருத்துவ புத்தர். வலது கை விரல்கள் தரையைத் தொட்டு, மடியில் பாத்திரம் இருந்தால் அவர் கௌதமர். இரண்டு கையும் மடியில் சேர்ந்து, அதன்மேல் பாத்திரம் இருந்தால் அமிதாபர் என்ற இன்னொரு புத்தர். விற்கிறவர்கள் இதைக் குழப்புவார்கள், சில நேரம் தெரியாமல், பல நேரம் தெரிந்தே. "ஹீலிங் புத்தா" என்று இணையத்தில் விற்கும் பாதிச் சிலைகளில் கிளையே இருக்காது. கையைக் கொஞ்சம் தூக்கி ஆசீர்வதிப்பதுபோல் செய்துவிட்டு, கீழே அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

கையில் இருப்பது உண்மையிலேயே கடுக்காயா?

ஆமாம். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் அதே கடுக்காய்தான். திபெத்திய மொழியில் அரூரா. (தருமபுரிப் பக்கத்து அரூருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) திபெத்திய மருத்துவத்தில் மருந்துகளின் அரசன் என்று கொண்டாடப்படுவது இது. சுவை, சூடு, குளிர்ச்சி என எல்லாக் குணங்களும் அடங்கியது என்பார்கள். பல வகை சொல்லி, அவற்றில் விஜயா என்பதை உச்சியில் வைக்கிறார்கள். ஓவியங்களில் புத்தர் ஏந்தியிருப்பது அந்த விஜயா வகைதான் என்று சொல்வது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கடுக்காய் மரம் திபெத்தியப் பீடபூமியில் வளராது, அது வெப்பநாட்டு மரம். இமயத்துக்குத் தெற்கேயிருந்து வியாபாரிகளின் மூட்டையில் மலையேறிப் போன சரக்குதான் அங்கே அரசனாக உட்கார்ந்திருக்கிறது. கூடவே அதன் இரண்டு பங்காளிகளும் போயிருக்கிறார்கள்: தான்றிக்காய் அங்கே பரூரா, நெல்லிக்காய் அங்கே க்யூருரா. மூன்றும் சேர்ந்தால் "மூன்று பழங்கள்", அதாவது நம்முடைய திரிபலா. "காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிலை அந்நியமாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. என் பாட்டி கடுக்காயை உடைத்து, கொட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இடிப்பாள். "இஞ்சிக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இடிப்பாள். பாட்டனில் சிலையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வந்தது பக்தி இல்லை, அந்த உரல் சத்தம்தான்.

உடம்பு நீலமாக இருக்க வேண்டும் என்கிறார்களே, என் சிலை தங்க நிறமாக இருக்கிறதே?

இரண்டும் சரி. தங்கா என்னும் துணி ஓவியத்தில் இவர் ஆழ்ந்த நீலம். சிலைகளில் வண்ணம் பூசியவை தவிர மற்றவை பெரும்பாலும் பொன்முலாம் பூசியவை, முடியில் மட்டும் நீலம் தீட்டியிருப்பார்கள்.

நீலம் ஏன் என்றால், சூத்திரப்படி இவர் உடல் வைடூரியம்போல் உள்ளும் புறமும் தெளிந்து ஒளிவிட வேண்டும். இவருடைய முழுப் பெயரிலேயே வைடூரியம் இருக்கிறது. அந்த வைடூரியம் எந்தக் கல் என்பதில்தான் சண்டை. நமக்கு இன்று வைடூரியம் என்றால் நவரத்தின மோதிரத்தில் இருக்கும் பூனைக்கண். பழைய நூல்களில் பெரும்பாலும் பெரில் என்ற வேறொரு ரத்தினக் கல்லைச் சொல்கிறார்கள். (காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் வெட்டியெடுத்த பெரில், ரோமாபுரி வரை போன சரக்கு.) திபெத்திய ஓவியர்களோ லாபிஸ் லசூலி என்ற கல்லின் கருநீலத்தை மனதில் வைத்துத் தீட்டுகிறார்கள். கல் எதுவானாலும் கருத்து ஒன்றுதான்: அழுக்குப் படியாத, வெளிச்சம் ஊடுருவிப் போகும் உடம்பு.

திபெத்திய மருத்துவத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

திபெத்திய மருத்துவத்துக்கு சோவா ரிக்பா என்று பெயர். அதன் அடிப்படை நூல் க்யூஷி, அதாவது நான்கு தந்திரங்கள். மொத்தம் 156 அத்தியாயங்கள். இந்தப் பாடநூல் தொடங்குவதே ஒரு காட்சியோடுதான். தானாதுக் என்று ஒரு மருந்து நகரம், நடுவில் மருத்துவ புத்தர். அவரிடமிருந்தே தோன்றிய இரண்டு முனிவர்களில் ஒருவர் கேள்வி கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார். ஆக, அந்த நூல் முழுக்கவே ஒரு கேள்வி-பதில் பக்கம்!

அந்த நகரத்தைச் சுற்றி நான்கு மலைகள். தெற்கு மலையில் மாதுளை, மிளகு, திப்பிலி என்று சூடு தரும் மருந்துகள். வடக்கே பனிமலையில் சந்தனம், கற்பூரம், வேம்பு என்று குளிர்ச்சி தருபவை. கிழக்கே ஒரு கடுக்காய்க் காடு. மேற்கு மலையில் "ஆறு நல்ல மருந்துகள்": இதயத்துக்குச் சாதிக்காய், உயிர்நாடிக்குக் கிராம்பு, நுரையீரலுக்கு மூங்கிலுப்பு, ஈரலுக்குக் குங்குமப்பூ, சிறுநீரகத்துக்கு ஏலக்காய், மண்ணீரலுக்குப் பெரிய ஏலக்காய். அந்த மேற்கு மலையின் பெயர் என்ன தெரியுமா? மலயம். சமஸ்கிருதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு வழங்கும் பெயர், தென்றலை மலய மாருதம் என்கிறோமே அந்த மலயம், நம் பொதிகை நிற்கும் மலைத்தொடர். க்யூஷியின் மலயம் வரைபடத்தில் தேடிப் பிடிக்கிற மலை இல்லை, தியானத்தில் காண்கிற மலை. ஆனாலும் திபெத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஏலக்காயும் கிராம்பும் வளரும் இடம் என்றால் இந்தப் பெயர்தான் நினைவுக்கு வந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைப்பானேன்.

மற்ற வரலாறு சுருக்கமாக. நூலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் 12ஆம் நூற்றாண்டு யூதோக் யோன்டென் கோன்போ. 17ஆம் நூற்றாண்டில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த தேசி சங்கியே க்யாட்சோ அதற்கு "நீல வைடூரியம்" என்று உரை எழுதி, உரையை விளக்க 79 ஓவியங்களும் வரையச் செய்தார். முதல் ஓவியமே நடுவில் மருத்துவ புத்தர் இருக்கும் அந்த நகரம்தான். 1696இல் லாசாவில் சாக்போரி மலைமேல் மருத்துவக் கல்லூரி தொடங்கியவரும் அவரே. அந்தக் கல்லூரி 1959இல் சீனப் படையின் குண்டுவீச்சில் அழிந்தது. 1916இல் லாசாவில் தொடங்கிய மென் சீ காங் என்ற திபெத்திய மருத்துவ நிறுவனம், 1961இல் தர்மசாலாவில் அகதிகளோடு மறுபடி தொடங்கியது. இந்திய அரசு 2010இல் சோவா ரிக்பாவைச் சித்தம், ஆயுர்வேதம்போல ஒரு மருத்துவ முறையாகச் சட்டத்தில் சேர்த்தது.

அப்படியானால் இந்த மருத்துவத்தை புத்தரே சொன்னாரா?

இந்தக் கேள்வியைத் திபெத்தியர்களே நூற்றாண்டுக் கணக்கில் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் சுர்கர் லோட்ரோ க்யால்போ என்ற பெரிய மருத்துவர், இது யூதோக் தொகுத்து எழுதியது என்றே வாதிட்டார். வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க இருதயத்திலிருந்து பெரும் பகுதிகள் இதில் அப்படியே இருக்கின்றன, சீன மருத்துவத்திலிருந்து வந்த நாடிப் பரிசோதனையும் இருக்கிறது. நம்ம ஊரில் அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல்கள் இருக்கின்றன என்று யோசித்தால் இந்த வழக்கம் புரியும்.

மருத்துவர் அறையில் சிலையை ஏன் வைக்கிறார்கள்? அதை வைத்து வைத்தியம் செய்வார்களா?

சிலை முதலில் நோயாளிக்காக வைத்தது அல்ல, மருத்துவருக்காக. இதுதான் பலருக்குப் புரிவதில்லை. மாணவன் பாடத்தை மனப்பாடம் செய்ய உட்காரும்போதும், மருந்து அரைக்கும்போதும், நோயாளியைத் தொடும் முன்பும் அந்த உருவத்தை மனதில் கொண்டுவரச் சொல்லித் தருகிறார்கள். நான் வைத்தியம் பார்க்கவில்லை, அவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கை வைத்தால் கர்வமும் அவசரமும் குறையும் என்பது கணக்கு. செய்து முடித்த மருந்தைச் சிலைக்கு முன்னால் வைத்து நாள்கணக்கில் ஜபம் செய்யும் மென்ட்ருப் என்ற சடங்கும் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு தத்துவமும் இருக்கிறது. நம்முடைய வளி, அழல், ஐயம்போல அங்கே லுங், திரிபா, பேகென். இம்மூன்றும் கெடுவதற்கு அடி காரணமாக அவர்கள் சொல்வது மனதின் மூன்று நஞ்சுகளை. ஆசை லுங்கைக் கிளப்பும், கோபம் திரிபாவைக் கிளப்பும், அறியாமை பேகெனைக் கிளப்பும். அதனால் கடுக்காய் உடம்புக்கு, சிலை மனதுக்கு. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

நேராகச் சொல்லுங்கள், சிலை வைத்தால் நோய் குணமாகுமா?

குணமாகாது. திபெத்திய மருத்துவரிடமே போய்ப் பாருங்கள், அவர் சிலையைக் காட்டி அனுப்பமாட்டார். இரண்டு கையிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், காலையில் பிடித்த சிறுநீரைக் குச்சியால் அடித்து நுரையையும் நிறத்தையும் பார்ப்பார் (நம் சித்தர்களின் நீர்க்குறிக்கு ஒன்றுவிட்ட தம்பி), என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று நோண்டி நோண்டிக் கேட்பார். க்யூஷியில் வரிசையே அப்படித்தான்: முதலில் உணவு, அடுத்து நடத்தை, அதற்கும் அடங்காவிட்டால் மருந்து, கடைசியில்தான் சூடு வைப்பது, ரத்தம் எடுப்பது போன்ற வெளிச் சிகிச்சைகள்.

சிலைக்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் மனசு அடங்கும், அது எனக்கே நடக்கிறது. அதைத் தாண்டி "ஆற்றல்", "அதிர்வலை", "சக்கரத்தைத் திறக்கும்" என்று எழுதியிருந்தால் அது விற்பனைப் பேச்சு. சர்க்கரை மாத்திரையையோ புற்றுநோய் சிகிச்சையையோ நிறுத்திவிட்டுச் சிலை வாங்காதீர்கள். சூத்திரம்கூட மருந்தும் மருத்துவரும் கிடைக்காதவனைப் பார்த்துத்தான் பேசுகிறது, இரண்டும் கையில் இருக்கும்போது வேண்டாம் என்று ஒதுக்குபவனைப் பார்த்து அல்ல.

கையால் எப்படிச் செய்கிறார்கள்?

திபெத்திய பாணிச் சிலைகளில் பல திபெத்தில் செய்தவையே இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் இனத்துச் சாக்கியர்கள், குறிப்பாகப் பாட்டன் நகரத்தவர்கள், பல நூற்றாண்டுகளாகத் திபெத்துக்கு வார்த்துக் கொடுத்து வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் அரனிகோ என்ற நேவார் இளைஞர் திபெத்துக்குப் போய், அங்கிருந்து மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அரசவை வரை சென்று, பீஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளைத் தூபியைக் கட்டினார்.

முறை, நம் சுவாமிமலை முறையின் உறவுக்காரன்: மெழுகு வார்ப்பு. தேன்மெழுகில் சால மரத்துப் பிசினைக் கலந்து பிசைகிறார்கள். அந்தப் பிசின்தான் நாம் சாம்பிராணியோடு போடும் குங்கிலியம், சுவாமிமலையிலும் அதேதான். வித்தியாசம் இதில்: சுவாமிமலைச் சிலை உள்ளே திடமாக இருக்கும், பாட்டன் சிலை உள்ளே கூடு. மெழுகைத் தகடாக்கி உள்ளே வெற்றிடம் இருக்கும்படி உருவம் செய்வார்கள். நான் பார்த்த பட்டறையில் ஒரு பெரியவர் கடுக்காய்க் கிளையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் மெழுகுத் துணுக்கை நனைப்பார், விரல் நுனியில் உருட்டுவார், எருமைக் கொம்பில் செய்த ஒரு குச்சியால் இலை நரம்பைக் கீறுவார், சூடான கம்பியால் தொட்டுப் புத்தரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒட்டுவார். காய் மிளகளவுகூட இல்லை. மூன்று தடவை பிய்த்து எறிந்துவிட்டு நாலாவதை வைத்தார். முதல் மூன்றில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அப்புறம் நைசான களிமண்ணும் மாட்டுச் சாணமும் கலந்த பூச்சு, அதற்கு மேல் உமி கலந்த மண், உள்ளேயும் மண். நன்றாகக் காயவிட்டுச் சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும், அந்த இடத்தில் உருக்கிய செம்பை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஓர் அச்சில் ஒரே சிலைதான். வெளியே வரும்போது கரடுமுரடாக, அங்கங்கே ஓட்டையோடு, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். சின்ன உளியும் சுத்தியலுமாக அதை அடித்து, அரத்தால் தேய்த்து, துணி மடிப்பில் கொடி வேலைப்பாடு செதுக்குவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. அளவும் இஷ்டத்துக்கு இல்லை. சுவாமிமலையில் தென்னை ஓலையை மடித்து அளப்பதுபோல அங்கே விரல் அளவில் தலை முதல் பாதம் வரை கணக்கு உண்டு.

கடைசியில் பொன்முலாம். இங்கேதான் மனசு கனக்கிறது. பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்து விழுதாக அரைத்து, செம்பின்மேல் தடவி, நெருப்பைக் காட்டுகிறார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் மட்டும் ஒட்டி நிற்கும். அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. மருத்துவ புத்தருக்குப் பொன் பூசுகிறவர் அதனாலேயே நோயாளியாகக்கூடும். மொட்டை மாடியில் காற்றோட்டமாகச் செய்கிறார்கள், சிலர் முகமூடி போடுகிறார்கள், நான் பார்த்தவர் முகத்தில் ஒரு துண்டைத்தான் கட்டியிருந்தார். இதே பாதரசத்தைத் திபெத்திய மருத்துவம் பல கட்டமாகச் சுத்திசெய்து, ட்சோதெல் என்ற பெயரில், "விலைமதிப்பற்ற மாத்திரைகள்" சிலவற்றில் சேர்க்கிறது, நம் சித்த மருத்துவத்தின் ரசச் செந்தூரம் மாதிரி. அதில் நம்பிக்கை உள்ளவர்களோடு வாதம் செய்ய நான் வரவில்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரைப் பக்கம் போக வேண்டாம்.

சிலைக்குள் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

உண்மைதான். கூடாகச் செய்வது அதற்கும்தான். நடுவில் தண்டுவடம்போல ஒரு மரக்குச்சி, அதற்கு உயிர்மரம் என்று பெயர், சந்தனமோ தேவதாரு வகையோ. சுற்றிலும் மந்திரம் எழுதிய தாள் சுருள்கள், மூலிகைப் பொடி, தானியம், சில சமயம் புனிதத் தலங்களின் மண். அடியில் செம்புத் தகட்டை வைத்து மூடி, குறுக்கும் நெடுக்குமான இரட்டை வச்சிரம் பொறிப்பார்கள். பிறகு ரப்னே என்ற பிரதிஷ்டைச் சடங்கு, அதில் கண் திறப்பும் உண்டு. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை உள்ளே வெறுமையானவை. அது ஏமாற்று அல்ல, நிரப்புவது லாமாவின் வேலை, கடைக்காரருடையது அல்ல. நிரப்பி மூடிய சிலையை ஆர்வக்கோளாறில் நெம்பித் திறக்காதீர்கள், திறந்தால் பிரதிஷ்டை போய்விட்டது என்று கொள்வார்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விரல்களுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறதா, காது மடலுக்குப் பின்னாலும் வேலை செய்திருக்கிறார்களா, முதுகுப் பக்கத் துணி மடிப்பு தொடர்ந்து போகிறதா என்று பாருங்கள். அச்சில் தட்டிய மலிவுச் சிலைக்கு முதுகு இருக்காது, ஏனோதானோ என்று விட்டிருப்பார்கள். செம்பா பித்தளையா என்று கேளுங்கள். "எட்டு உலோகம்", "விண்கல் கலந்தது" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

பழையது என்று சொன்னால் ஓடிவிடுங்கள். நான் முதல் தடவை போனபோது ஒரு கடையில் "நூற்றைம்பது வருஷப் பழசு" என்று துணியில் சுற்றி ரகசியமாகக் கொடுத்தார்கள், நானும் பேரம் பேசிச் சாமர்த்தியமாக வாங்கினதாக நினைத்துக்கொண்டு அறைக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன், பழமை முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. புகையும் மெழுகும்! அவர் பொய் சொன்னதால் நான் தப்பித்தேன். நிஜமாகவே நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் அதை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுபோவது குற்றம். புதுச் சிலைக்கும் அங்குள்ள தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். கோயில்களிலிருந்து திருடுபோன சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் நிற்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நாம், நேபாளத்துக்கும் அதே வயிற்றெரிச்சல் உண்டு.

பூஜை அறையில் முருகன் பக்கத்தில் வைக்கலாமா? எந்தத் திசை?

தாராளமாக வைக்கலாம். முருகனுக்கும் ஆட்சேபம் இருக்காது. தரையில் வைக்காதீர்கள், காலை நீட்டும் பக்கம் வேண்டாம், குளியலறை அலங்காரமாக வேண்டவே வேண்டாம், அவ்வளவுதான். வாஸ்து விதி எதுவும் இவருக்குக் கிடையாது. திபெத்தியர்கள் முன்னால் ஏழு கிண்ணங்களில் காலையில் தண்ணீர் ஊற்றி மாலையில் எடுத்துவிடுவார்கள். திபெத்திய மாதத்தின் எட்டாம் நாள் இவருக்கு உரியது.

மந்திரம் உண்டா?

உண்டு. "தத்யதா ஓம் பேகன்சே பேகன்சே மகா பேகன்சே ராஜ சமுத்கதே சோஹா". பேகன்சே என்பது பைஷஜ்யே என்ற சமஸ்கிருதச் சொல் திபெத்திய நாக்கில் உருண்டு வந்த வடிவம், சோஹா நம் ஸ்வாஹா.

கர்நாடகத்தில் பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பின் தங்கக் கோயிலில் பார்த்த பெரிய சிலை இவர்தானே?

இல்லை. அங்கே நடுவில் இருப்பவர் கௌதம புத்தர், ஏறக்குறைய 60 அடி. இருபக்கமும் திபெத்தியர்களின் ஆதிகுரு பத்மசம்பவரும் அமிதாயுசும். அமிதாயுஸ் நீண்ட ஆயுளுக்கு உரியவர், கையில் அமுதக் கலசம் இருக்கும், கிளை இருக்காது. மறுபடியும் கையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

எப்படித் துடைப்பது? புளி போட்டுத் தேய்க்கலாமா?

ஐயோ, கூடாது. பித்தளை விளக்கு வேறு, இது வேறு. உடம்பிலுள்ள முலாம் நெருப்பில் ஏற்றியது, ஓரளவு தாங்கும். முகத்தில் இருப்பது தங்கப் பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் தீட்டிய குளிர் பொன், அதன்மேல்தான் கண்ணும் உதடும் வரைந்திருப்பார்கள். தண்ணீர் பட்டாலே போய்விடும். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், போன பொங்கலுக்கு முந்தின நாள் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து இவரையும் புளியும் சபீனாவும் போட்டுத் துலக்கி, பட்டுத்துணியால் துடைத்து, குங்குமம் வைத்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கிளையும் காயும் பளபளவென்று இருந்தன. கண்கள் இல்லை. பாட்டனில் அந்தப் பட்டறைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நேரில் கொண்டுவா, முகம் தீட்டுகிற ஆள் தனி, அவர் பத்து நாள் கேட்பார் என்று பதில் வந்திருக்கிறது.